முத்திரை விழாத ரிப்போர்ட்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஸ்டாப்வாட்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். ஐம்பத்திரண்டு வயது. கழுத்தில் எந்நேரமும் ஒரு கறுப்புக் கயிறு, அதன் முனையில் ஸ்டாப்வாட்ச். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. இருபத்தொன்பது வருஷமாக அதையே பார்க்கிறாள், நடுவில் ஒரு மூன்று வருஷம் தவிர. அந்த மூன்று வருஷத்தை அவள் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இந்த வேலைக்கென்று மெஷின் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மெஷின் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள், ஆனால் சுலபத்தில் நம்பிவிடமாட்டாள். சந்தேகம் வந்தால் பழைய கண்ணாடிக் குழாய்களை எடுப்பாள். முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் குழாயை நிறுத்தி, எடுத்துச் சாய்த்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, மறுபடி தொட்டியில் வைத்து, மறுபடி சாய்ப்பாள். தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது ஒரு நொடியில் கூழாக நின்றுவிடும். கட்டைவிரல் அந்த நொடியில் பட்டனை அமுக்கிவிடும்.

அவளுடைய இன்னொரு சொத்து ஒரு ரப்பர் முத்திரை. ஆஸ்பத்திரி கொடுத்ததல்ல, அவளே சொல்லிச் செய்து வாங்கியது. அதில் இரண்டு வரி: 'இந்த ரத்தம் எடுத்த நேரம் சரியில்லை. தகுந்த இடைவெளி விட்டு மறுபடி பார்க்காமல் பிறவிக் குறை என்று யாரும் சொல்லக்கூடாது.' டாக்டர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "யாரும் சொல்லக்கூடாதாம்! ரிப்போர்ட்டா இது, மிரட்டலா?" என்பார்கள். சிரிக்கட்டும் என்று அவள் பாட்டுக்குக் குத்திக்கொண்டே இருப்பாள்.

விஷயம் இதுதான். ரத்தத்தில் உறைய வைக்கிற பொருள்கள் இருக்கிற மாதிரியே, உறைவதை அடக்கி வைக்கிற பொருள்களும் இருக்கின்றன. ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் என்று அவற்றுக்குப் பெயர். இவை இல்லாவிட்டால் நம் ரத்தம் ஓடவேண்டிய குழாயிலேயே கட்டிதட்டிப் போகும். சிலருக்கு இவை பிறவியிலேயே குறைவு. ஆனால் பிறவிக் குறை இல்லாதவருக்கும் சில சமயம் இறங்கும். பெரிய ரத்தக்கட்டி ஒன்று உடம்பில் இருந்தால் செலவாகி இறங்கும், சில மருந்துகள் உடம்பில் ஏறினால் இறங்கும். கர்ப்பமாக இருந்தால் புரோட்டீன் எஸ் தானாகவே இறங்கும். பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தாய் செத்துவிடக்கூடாதே என்று உடம்பு செய்துகொள்கிற ஏற்பாடு அது. அந்த நேரம் பார்த்து ரத்தத்தை எடுத்துவிட்டு 'பிறவிக் குறை' என்று எழுதுகிறவன் படித்த முட்டாள். அப்படி எழுதியவர் ஒருவர் அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கே தலைவராக இருந்தார். பெரிய டாக்டர் என்பார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கைக்கு வந்தது அவளுடைய தங்கையின் ரத்தம். தங்கைக்கு அப்போது இருபத்தைந்து வயது. முதல் கரு தங்கவில்லை, இரண்டாவது கரு நாலாம் மாதம். புரோட்டீன் எஸ் முப்பத்தெட்டு சதவீதம் என்று வந்தது. பார்த்தவள் ஸ்டாப்வாட்ச்தான். ஓடிப்போய்ச் சொன்னாள்.

"சார், இது மாசமா இருக்கிற பொண்ணோட ரத்தம். இப்பப் பாத்து எதுவும் சொல்லக்கூடாது சார்."

"இங்க நீ டாக்டரா, நான் டாக்டரா?"

அன்றைக்கு அவர் மேஜையில் நாற்பது ரிப்போர்ட், ஒரு கப் டீ. டீ ஆறுவதற்குள் நாற்பதையும் முடித்தார். தங்கையின் காகிதத்தில் 'பிறவிக் குறைபாடு, பரம்பரையாக வருவது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கரு அடுத்த மாதம் கலைந்தது. ஏன் கலைந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமியாருக்கு மட்டும் தெரிந்துவிட்டது, கையில் காகிதம் இருந்ததே! "பரம்பரையிலேயே கெட்ட ரத்தம், எங்க தலையில கட்டிட்டாங்க" என்று தெரு முழுக்கச் சொன்னாள். புருஷன்காரன் ஒரு பெட்டியோடு மனைவியை அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவன்தான், திரும்பி வரவில்லை.

ஆறு மாதம் கழித்து ஸ்டாப்வாட்ச் தங்கையின் ரத்தத்தை மறுபடி பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு சதவீதம். பழுதே இல்லை. இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனாள்.

"சொந்தத் தங்கச்சி ரத்தத்தை நீயே பாத்துட்டு, நீயே நார்மல்னு சொன்னா யார் நம்புவா?" என்றார். அப்புறம், "கையெழுத்து போட்ட ரிப்போர்ட்டை நான் திருத்தறதில்ல" என்றார்.

மறுநாளே அவளைச் சிறுநீரும் மலமும் பார்க்கிற மேஜைக்கு மாற்றினார். மூன்று வருஷம். திரும்பி ரத்த மேஜைக்கு வந்த வாரத்தில்தான் அந்த முத்திரையைச் செய்யக் கொடுத்தாள்.

தங்கை தேறிவிட்டாள். வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தாள், வாய் கொஞ்சம் நீண்டது, நாக்கில் எப்போதும் ஊசி. தேறாதவள் அம்மா. 'பரம்பரை' என்ற அந்த ஒரு சொல் அவளைக் கவ்விக்கொண்டது. "அப்பா வழியில யாருக்கும் இல்லையே, அப்ப அம்மா வழிதான்" என்று சம்பந்தியம்மா வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். என் ரத்தம்தான் என் பெண்ணைக் கெடுத்தது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். உறவில் ஒரு கல்யாணத்துக்கும் போவதில்லை. தைக்கும்போது தங்கை விரலில் ஊசி ஏறி ஒரு பொட்டு ரத்தம் வந்தால்கூட எழுந்து உள்ளே போய்விடுவாள். பெரியவளுக்கு வரன் எதுவும் தகையாததும் தன் ரத்தத்தால்தான் என்று அழுவாள்.

ஸ்டாப்வாட்ச் அம்மாவின் ரத்தத்தையே பார்த்துக் காட்டினாள். "நீ என் பொண்ணு, என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே" என்றாள் அம்மா. வேறொரு ஆஸ்பத்திரியில் பார்த்து, வேறொரு டாக்டரின் கையெழுத்தோடு கொண்டுவந்து காட்டினாள். அம்மா அடியில் இருந்த கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதினவர் இல்லேன்னு சொல்லட்டும், நம்பறேன்."

இப்போது அம்மாவுக்கு எழுபத்துநாலு. அம்மா இருக்கும்போதே அந்த மனுஷன் கையால் அந்தச் சொல்லை அடித்துத் தரவேண்டும். ஸ்டாப்வாட்சுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. அவர் ஓய்வு பெற்றுப் போன நாளில், பாராட்டுக் கூட்டத்தில், எல்லோரும் கைதட்ட இவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நாள் நீர் என்னிடம் வருவீர் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வந்தார். குழாயில் வந்தார். நீல மூடி போட்ட ஒரு சின்னக் குழாயில், பெயரும் எழுபத்தொன்று என்ற வயதும் ஒட்டி, ஒரு திங்கட்கிழமை காலை அவள் மேஜைக்கு வந்தார்.

கெண்டைக்காலிலிருந்து தொடைவரை ரத்தக்கட்டி. ரத்தம் உறையாமல் தடுக்க மூன்று நாளாக ஹெப்பாரின் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, மூன்று முறை அளவை ஏற்றியாயிற்று, கால் வீங்கிக்கொண்டே போகிறது. மருந்து வேலை செய்தால் ரத்தம் உறைய அறுபது விநாடிக்கு மேல் ஆகவேண்டும். மெஷின் முப்பத்துமூன்று என்றது. வார்டில் மருந்தை இறக்குகிற பம்பைச் சந்தேகப்பட்டுப் பம்பை மாற்றினார்கள், ஊசியைச் சந்தேகப்பட்டு ஊசியை மாற்றினார்கள். அவருடைய ரத்தத்தை யாரும் சந்தேகப்படவில்லை.

அவள் சந்தேகப்பட்டாள். கண்ணாடிக் குழாயை எடுத்தாள். அவருடைய ரத்தத்தின் தெளிந்த நீரில் ஒரு துளி ஹெப்பாரின் விட்டுச் சாய்த்தாள். நேரம் அசையவே இல்லை. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தநீரைச் சரிபாதி கலந்து மறுபடி ஹெப்பாரினை விட்டாள். இப்போது சாய்க்கிறாள், சாய்க்கிறாள், உறையவே மாட்டேன் என்கிறது. ஸ்டாப்வாட்ச் இரண்டு நிமிஷத்தைத் தாண்டி ஓடியது. அவளுக்கு விளங்கிவிட்டது. ஹெப்பாரின் தனியாக ஒன்றும் கிழிக்காது. ஆன்டித்ராம்பினை உசுப்பிவிடுவதுதான் அதன் வேலை, உறைவதைத் தடுப்பது ஆன்டித்ராம்பின்தான். காவல்காரனே இல்லாத வாசலில் மணியை அடித்து என்ன பிரயோஜனம்? ஆன்டித்ராம்பினை அளந்து பார்த்தாள். நாற்பத்தொரு சதவீதம்.

குழாயில் ஒட்டியிருந்த பெயரை மறுபடி படித்தாள். இந்தக் கட்டியில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் முடிந்தது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், மெஷின் சொன்ன முப்பத்துமூன்றை அப்படியே அனுப்பினால் போதும். நினைத்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே நினைத்தாள். அப்புறம் அவளுக்கே ஆத்திரம் வந்தது. பத்தொன்பது வருஷம் நான் கறுவிக்கொண்டிருக்க, கேவலம் ஒரு கட்டி வந்து இவரைக் கொத்திக்கொண்டு போவதா? செத்தவர் எழுதித் தருவாரா? ஃபோனை எடுத்தாள்.

"வார்டா? ஹெப்பாரினை ஏத்திக்கிட்டே போகாதீங்க டாக்டர், அவர்கிட்ட ஆன்டித்ராம்பின் பாதிகூட இல்ல. ரத்தம் கொடுத்தவங்ககிட்டேருந்து பிரிச்சு எடுத்த ஆன்டித்ராம்பின் குப்பி ஸ்டோர்ல இருக்கு. அது வேணாம்னா அட்டைப்பூச்சி எச்சிலைப் பாத்து செஞ்ச மருந்து இருக்கே, அதுக்கு ஆன்டித்ராம்பின் துணை வேண்டியதில்ல, நேரா போய் வேலை செய்யும். எது கொடுக்கிறீங்களோ, சீக்கிரம் கொடுங்க."

குப்பியைக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அறுபத்தெட்டு விநாடி. புதன்கிழமை கால் வீக்கம் குறைந்தது, மனுஷன் பிழைத்துக்கொண்டார்.

அன்று மதியம் பெரிய டாக்டரின் மனைவி பரிசோதனைக் கூடத்துக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவள் யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது.

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே. நல்லா இருப்பீங்கம்மா. அடுத்த மாசம் எங்க பொண்ணுக்குக் கல்யாணம். ஆனா மாப்பிள்ளையோட அம்மா ஒரே பிடியா நிக்கறாங்க. 'ரத்தத்துல ஏதோ குறையாமே, பரம்பரையா வர்றதாமே, ரிப்போர்ட்டைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்'னு சொல்றாங்க. ரிப்போர்ட் எப்பம்மா வரும்?"

"நாளைக்கு வரும்மா" என்றாள். வசமாகச் சிக்கியிருக்கிறார்! கட்டி இருக்கும்போது, ஹெப்பாரின் போகும்போது எடுத்த ரத்தம். முத்திரை குத்தாமல் விட்டால் அதே சொல், அதே மாதிரி ஒரு சம்பந்தியம்மா, அதே தெரு.

வீட்டில் வந்து தங்கையிடம் சொன்னாள். தங்கை மெஷினை நிறுத்தவில்லை. ஒரு ரவிக்கையின் கையை முழுக்கத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"விடாதே அக்கா. உரிச்சு எடு."

"எடுக்கத்தான் போறேன்."

"ஆனா அவர் பொண்ணு மேல ஒரு பொட்டு படக்கூடாது. அவர் மேல மட்டும் படணும். நான் வெட்டற துணி மாதிரி, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் போகக்கூடாது. அந்த இடத்துல நான் இருந்தவ, எனக்குத் தெரியும்."

"முத்திரை போட்டுட்டா அவர் ஏன்டி எழுதித் தருவார்?"

"அது உன் சாமர்த்தியம்."

இரவெல்லாம் புரண்டாள். வியாழக்கிழமை காலை ரிப்போர்ட்டை இரண்டு பிரதி எடுத்தாள். புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றில் முத்திரையைக் குத்தி, மை காயும்வரை ஊதி, வார்டு ஃபைலில் தன் கையாலேயே கோத்தாள். அந்தப் பெண்ணின் காரியம் அதோடு பத்திரமாகிவிட்டது. மற்றதை முத்திரை குத்தாமல் பழைய காகிதத்தோடு சேர்த்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். இனி கையில் வெறும் பாவ்லாதான். நர்ஸ் யாராவது ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

பெரிய டாக்டர் தலையணையில் சாய்ந்து, காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா. உன்னாலதான் உசுரோட இருக்கேன். நான் உருவாக்கின லேப், என்னைக் கைவிடல பாத்தியா?"

நான் உருவாக்கின லேபாம்! அவள் ரிப்போர்ட்டை நீட்டினாள். அவர் காகிதத்தை எட்டப் பிடித்துப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தார்.

"இதுல உன் முத்திரை எங்கே?"

"அதைப் பாத்துச் சிரிப்பீங்களே சார்."

"விளையாடாதே. கட்டி இருக்கும்போது எடுத்த ரத்தம் இது. இப்படியே வெளிய போனா பிறவிக் குறைன்னு ஆயிடும். என் பொண்ணு கல்யாணம்..."

"நீங்களே சொல்லுங்களேன் சார், நீங்க டாக்டர்தானே."

"நான் சொன்னா யார் நம்புவா? சொந்தப் பொண்ணுக்காகச் சொல்றேம்பாங்க."

"ஆமா சார். சொந்தத் தங்கச்சிக்காகச் சொன்னாலும் அப்படித்தான்."

அவருக்குப் புரியவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவள் வீட்டையே குலைத்த நாள் அவருக்கு ஞாபகமே இல்லை. பழைய காகிதத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், 'கர்ப்பம், நாலாம் மாதம்' என்று மூலையில் அவள் அன்றைக்கே எழுதியிருந்ததைப் பார்த்தார். முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது.

"என் பொண்ணு ரத்தத்தையே எடுத்துப் பாத்துடலாம்" என்றார், குரல் இறங்கி.

"பாக்கலாம் சார். பாக்கறது நான்தான். கையெழுத்து போட்ட ரிப்போர்ட்டை நான் திருத்தறதில்ல."

தன் வார்த்தை தனக்கே திரும்பி வந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே மருந்து வண்டி உருளும் சத்தம் கேட்டது, நர்ஸ் ஃபைலோடு வருகிறாளோ என்று அவள் கதவைப் பார்த்தாள். வண்டி தாண்டிப் போயிற்று.

"என்ன வேணும் உனக்கு?"

"'பிறவிக் குறைபாடு, பரம்பரை'ன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிங்க. அடியில எழுதுங்க."

பேனாவை வாங்கினார். கண்ணாடி வேண்டுமென்று தடவினார். சரியாக அந்த நேரம் மனைவி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார், கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் 'மறுபடி பரிசீலிக்கத் தக்கது' என்று ஆரம்பித்தார்.

"அப்படி இல்ல சார். 'நான் தப்பா எழுதினேன்'னு."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எழுதினார். 'கர்ப்ப காலத்தில் எடுத்த ரத்தத்தை வைத்து நான் தவறாக எழுதினேன். இவருக்கும் இவர் தாய் வழிக்கும் எந்தக் குறையும் இருப்பதாக இதில் ஆதாரம் இல்லை.' பழைய கையெழுத்தின் அடியில் அதே கையெழுத்து.

"இந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றா?" என்று கேட்டார் மனைவி.

"தைக்கறா."

மனைவி பிளாஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு, கணவருக்கு ஊற்றிக்கூடக் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றார். இனிமேல் இவர் பாடு இந்த அம்மாளோடு என்று ஸ்டாப்வாட்சுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கோட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, புது ரிப்போர்ட்டில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஃபைல்ல இருக்கிற காப்பியில காலையிலேயே போட்டாச்சு சார். நீங்க எழுதித் தராட்டாலும் உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

அவர் வாய் திறந்து மூடியதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டாப்வாட்ச் காகிதத்தைக் கொடுத்தாள். தங்கை மெஷினை விட்டு எழுந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். அம்மா வழக்கம்போல முதலில் அடியில்தான் பார்த்தாள். மேலே ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து. விரலை வைத்து இரண்டையும் வளைவுக்கு வளைவு ஒப்பிட்டாள். அப்புறம் அடித்திருந்த வரியைத் தடவினாள். அப்புறம் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'தாய் வழிக்கும்' என்ற இடத்தில் நின்று, மறுபடி அதையே படித்தாள்.

அழுவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அம்மா அழவில்லை.

"பொழைச்சுக்கிட்டாரா?" என்றாள்.

"பொழைச்சுக்கிட்டார்மா."

"நல்லது. நல்லா ரொம்ப நாள் இருக்கட்டும்." காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பொண்ணுக்குக் கல்யாணம்னியே, எப்போ?"

"அடுத்த மாசம்."

அம்மா தங்கையைப் பார்த்தாள். "சின்னவளே, எனக்கு ஒரு ரவிக்கை தை. புதுசா. நான் போறேன்."

பத்தொன்பது வருஷமாகக் கல்யாண வீட்டு வாசலை மிதிக்காதவள் அவள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூப்பிடாத கல்யாணத்துக்கா?" என்றாள் ஸ்டாப்வாட்ச்.

அம்மா இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கில்ல? பொண்ணை மனசார வாழ்த்துவேன், அது பாவம். வாழ்த்திட்டு, 'நான்தான் அந்தத் தாய் வழி'ன்னு அவர்கிட்ட சொல்லிட்டு, முன் வரிசையில போய் உக்காந்துப்பேன். கல்யாணம் முடியறவரைக்கும் அந்த ஆள் எம் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிக்கட்டும்."